பேட்டை மாறும்போது கடைக் கணக்கு

நாரணாபுரம், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில், வெளியூரில் கடை வைத்திருக்கும் உறவினர் இல்லாத வீடு அபூர்வம். சென்னையில் மளிகைக் கடைக்கே 'அண்ணாச்சி கடை' என்று பெயர் வந்ததற்கு நம் தென்மாவட்டத்தாரே காரணம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் பேட்டை அமைத்து, மகமை வசூலித்து, உறவின்முறையாகத் தொழில் செய்த பழக்கம் சென்னைக்கும் போயிற்று. ஊரிலிருந்து பையனை அழைத்து வந்து கடையில் நிறுத்துவது, சில ஆண்டுகளில் அவனுக்கே ஒரு கடை பிடித்துக் கொடுப்பது, மொத்த வியாபாரியிடம் அவனுக்காகப் பொறுப்பேற்பது என்ற முறையில்தான் ஒரு கடை நான்கு கடை ஆனது.

அப்படி உருவான குடும்பக் கடைகள் இன்று நிற்கும் தெருக்கள் பழைய தெருக்களாக இல்லை. தெரு மாறிய பிறகும் பழைய கணக்கிலேயே கடை நடத்துவதால் வரும் இழப்பை இங்கே பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை ரூ.15,000. மாதத்துக்கு ரூ.4,50,000. சராசரியாக நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்றால் ரூ.45,000. வாடகை 15,000, கடைப் பையன் சம்பளம் 12,000, மின்கட்டணம் 4,000, பை, வண்டிக்கூலி முதலிய சில்லறைச் செலவு 2,000. ஆக ரூ.33,000 போக மீதி ரூ.12,000. இதை இலாபம் என்று பலர் எழுதிக்கொள்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் முதலாளிக்கும், மதியம் கல்லாவில் உட்காரும் அவர் மனைவிக்கும் கடைப் பையனுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைப் பற்று எழுதிப் பாருங்கள். கடை மாதம் ரூ.12,000 நட்டத்தில் நிற்கிறது. குடும்ப உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டுதான் அந்தக் கடை உயிரோடு இருக்கிறது. இரண்டு கடை உள்ளவர்கள் இதைத் தனித்தனியே எழுதாவிட்டால், நன்றாக நடக்கும் கடை மற்றொன்றுக்குச் சோறு போடுவது தெரியாமலே பல ஆண்டு ஓடிவிடும்.

அடுத்தது கடன் நோட்டு. நம் ஊரில் சனிக்கிழமை கூலி நாள். ஆகவே வாரக் கடன். வாராவாரம் தீர்ந்துவிடும். சென்னையில் மாதச் சம்பளக்காரர்களுக்காக அது மாதக் கடன் ஆயிற்று. ஒரு குடும்பத்துக்கு ரூ.3,000 வீதம் 40 குடும்பங்கள் என்றால் ரூ.1,20,000 தெருவில் நிற்கிறது. அதில் நம் முதல் ரூ.1,08,000. அது வராமல் போனால், அதை மீட்க மேலே சொன்ன கடை ரூ.10,80,000-க்கு விற்க வேண்டும். அதாவது 72 நாள் செலவில்லாமல் வியாபாரம் செய்ய வேண்டும்!

வராமல் போகுமா என்று கேட்கலாம். சென்னையில் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி கட்டி, நகருக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு சென்றன. அவர்களை நம்பி இருந்த தெருமுனைக் கடைக்கு வாடிக்கையும் போகிறது, நிலுவையும் போகிறது. அந்த ஏழைகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வது சரியல்ல. வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலுமாக அலைபவருக்கு முதலில் பேருந்துக் காசுதான் கண்ணுக்குத் தெரியும். நம் பகுதியிலும் 2018 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தபோது கடன் நோட்டு எப்படி நீண்டது என்பதை ஊர்க் கடைக்காரர்கள் அறிவார்கள்.

எனவே மொத்தக் கடன் ஐந்து நாள் விற்பனையைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அதிகாரிகள் வந்து வீட்டுக் கதவுகளில் எண் எழுதினாலோ, எதிர்வரிசையில் பழைய வீடுகள் கைமாறத் தொடங்கினாலோ மாதக் கடனை வாரக் கடனாக்கிவிட வேண்டும். முகம் முறியாமல் சொல்லும் வித்தை நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பங்கள் போன இடத்தில் விடுதிகளும், மூன்று நான்கு பேர் சேர்ந்து தங்கும் அறைகளும் வருகின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் இதைக் கண்கூடாகக் காணலாம். அவர்கள் 25 கிலோ சிப்பம் வாங்கமாட்டார்கள். ஒரு கிலோ அரிசி, சிறு பொட்டலம் எண்ணெய், முட்டை, ரொட்டி, தயிர் என்று தினம் வருவார்கள். பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் கடுகு எண்ணெய், மைசூர் பருப்பு, கோதுமை மாவு கேட்பார்கள். ஆந்திரப் பிள்ளைகள் கோங்குரா ஊறுகாய் கேட்பார்கள். "இல்லை" என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை வரமாட்டார்கள். அலமாரி உயரத்தில் தூசி படிந்து ரூ.50,000 சரக்கு தூங்குகிறது என்று வையுங்கள். அதே பணம் மாதம் இருமுறை புரளும் சரக்கில், கொள்முதலுக்கு மேல் நூற்றுக்கு எட்டு கிடைத்தாலும் ரூ.8,000 தரும். கேட்டு இல்லாமல் போன சரக்கை ஒரு சிட்டையில் குறித்து வையுங்கள். ஒரு மாதச் சிட்டையே அடுத்த கொள்முதலைச் சொல்லிவிடும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று. 1972 ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசிய மக்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். சுமார் 28,000 பேர் இங்கிலாந்து சென்றார்கள். அவர்களில் குஜராத்திக் குடும்பங்கள் பல தெருமுனைக் கடைகளை வாங்கி, வெள்ளைக்காரர் அடைத்துவிட்டுப் போன நேரத்திலும் திறந்து வைத்துப் பிழைத்தன. 1994-ல் வந்த சட்டம் பெரிய கடைகளும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் திறக்கலாம் என்றது. நேரம் என்ற ஒரே ஆயுதம் மழுங்கியது. பிள்ளைகள் மருந்தாளுநர், கணக்காயர் ஆனார்கள். கடைகள் பல, பின்னால் வந்த இலங்கைத் தமிழர் கைக்கு மாறின. கடை நடக்கும்போதே விற்றவருக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். நலிந்த பிறகு விற்பவருக்குச் சாமான் விலைதானே கிடைக்கும்?

நம் கடைகளிலும் மகன் கணினி வேலைக்குப் போய்விட்டான், தந்தைக்கு வயதாகிவிட்டது என்ற நிலை சாதாரணம். இங்கே வாடகைச் சீட்டு முக்கியமாகிறது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தமும், வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் வேண்டும். "பெரிய வீட்டுக்காரர் இருக்கும்வரை கவலை இல்லை" என்ற வாய்ப்பேச்சு, அவர் மகன் இடத்தைக் கட்டடக்காரருக்குக் கொடுக்கும் நாளில் உதவாது. காலக்கெடு எத்தனை ஆண்டு, காலி செய்ய எத்தனை மாத அவகாசம், முன்பணம் எப்போது திரும்பும், இடித்துக் கட்டினால் புதிய கட்டடத்தில் இடம் உண்டா, யார் பெயரில் ஒப்பந்தம், தந்தை பெயரோடு தம்பியையோ மருமகனையோ சேர்ப்பதா என்பதை அடுத்த புதுப்பிப்புக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி, வழக்கறிஞரிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள்.