தீவைச் சுற்றி வா

சேடா நகர், செம்பூர்
12.10.2025

அன்பு மகள் செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. முதல் சம்பளத்தில் கியர் வைத்த ரோடு சைக்கிள் வாங்கிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். கடல் பாலத்தில் ஏற விடவில்லை என்று நீ வருத்தப்பட்டாயாமே, அதையும் சொன்னான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயம்தான். 2009-இல் பாந்த்ரா–வொர்லி கடல் பாலம், 2013-இல் நம்ம செம்பூரிலிருந்து தெற்கே போகிற கிழக்கு ஃப்ரீவே, 2024 ஜனவரியில் அடல் சேது, அதே வருஷம் மார்ச்சில் கோஸ்டல் ரோடு. கடலோரமாகவும் கடல்மேலும் இந்த ஊர் புதிதாகப் போட்ட பெரிய சாலை ஒவ்வொன்றிலும் சைக்கிளுக்குத் தடை, மோட்டார் சைக்கிளுக்கும் தடை. ஊர்ச் சொத்தாகப் போட்ட சாலை நாலு சக்கரம் வைத்திருப்பவனுக்கு மட்டும் என்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஆனாலும் விடியற்காலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறிவிடலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதே. பின்னால் எண்பதில் வருகிற வண்டிக்கு நீ தெரிவதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

அந்தச் சாலைகள் இல்லாமலே இந்தத் தீவைச் சுற்றி வரலாம். கொலாபா, சின்ன கொலாபா, பம்பாய், மஸ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவாகக் கிடந்ததை மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்து ஒன்றாக்கிய நிலம் இது. 1661 திருமண ஒப்பந்தத்தில் போர்ச்சுக்கல்காரர்கள் இதை இங்கிலாந்து ராஜாவுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். அவர் 1668-இல் வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். அந்தப் பழைய தீவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால், உன் மாட்டுங்கா வீட்டிலிருந்து கொலாபா போய், மேற்குக் கரை வழியாக மாஹிம், தாராவி தொட்டு வீடு திரும்ப நாற்பது கிலோமீட்டர் போலத்தான் வரும்.

போகும்போது நேர் ரோடு. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அம்பேத்கர் ரோட்டில் தாதர் டி.டி., பரேல், லால்பாக், பைகுல்லா. மேம்பாலம் எதிலும் ஏறாதே, கீழ்ரோடு போதும். ஜே.ஜே. மேம்பாலத்தில் இரண்டு சக்கரத்துக்கு அனுமதியே கிடையாது. அதன் அடியில் முகமது அலி ரோட்டில் விடிந்ததும் கைவண்டிகள் குறுக்கே வரும், அங்கே மட்டும் நிதானம். சி.எஸ்.எம்.டி. தாண்டிவிட்டால் கோட்டைப் பகுதியின் அகலமான தெருக்கள், ரீகல், கொலாபா காஸ்வே, கடைசியில் 1858-இல் திறந்த ஆப்கான் சர்ச். அதற்கு மேல் கடற்படைக்காரர்கள் இடம், திரும்பிவிடு.

திரும்பும் வழிதான் அழகு. மரைன் டிரைவில் எல்லாரும் வேகம் பிடிப்பார்கள், பிடித்துக்கொள். கெம்ப்ஸ் கார்னர் ஏற்றம் ஒன்றுதான் வழியில் மூச்சு வாங்கும். இறங்கினால் ஹாஜி அலி. அங்கே நீ ஓட்டுகிற ரோடு, 1780-களில் கவர்னர் ஹார்ன்பி காலத்தில் கடலை மறித்துப் போட்ட கரை. அதற்கு முன் அந்த இடைவெளி வழியாக ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் தண்ணீர் உள்ளே வந்து நடுப்பகுதி முழுக்கச் சேறாகக் கிடந்தது. வொர்லி ஸீ ஃபேஸின் கோடிவரை போய்க் கோலிவாடாவுக்குள் நுழைந்தால் சின்னதாக ஒரு கோட்டை இருக்கிறது. உன்னை ஏறவிடாத அந்தப் பாலம் அங்கிருந்து முழுசாகத் தெரியும்.

மாஹிமுக்கு வந்ததும் கொஞ்சம் நில். லேடி ஜாம்ஷெட்ஜி ரோடு என்று போர்டில் பார்த்திருப்பாய். அந்த அம்மா பேர் அவாபாய். மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே படகில் கடக்கும்போது ஜனங்கள் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்த காலம். பாலத்துக்கு அரசாங்கம் பணம் போடவில்லை. அவாபாய் தன் பணத்திலிருந்து 1,57,000 ரூபாய் கொடுத்தார். கடக்கிறவர்களிடம் சுங்கம் வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1845-இல் மாஹிம் காஸ்வே திறந்தது. நூற்றெண்பது வருஷமாக நடந்து போகிறவன், மாட்டுவண்டிக்காரன், சைக்கிள்காரன் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். இன்றைக்குப் பாலம் கட்டத் திட்டம் போடுகிற ஒவ்வொருவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நீயும் ஒருநாள் காஸ்வேயைத் தாண்டி, 1640-இல் போர்ச்சுக்கல்காரர்கள் கட்டிய பாந்த்ரா கோட்டைவரை போய்வா.

மாஹிமிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் நம்ம தாராவி. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்ட ஊர், நானும் உன் அப்பாவும் வளர்ந்த ஊர். பஸ் டிப்போ பக்கத்தில் காலா கில்லா இருக்கிறது. குடிசைகளுக்கு நடுவில் கறுத்த கல் சுவர், மேலே செடி முளைத்துக் கிடக்கும். கவர்னர் ஹார்ன் உத்தரவில் 1737-இல் கட்டியது என்று சுவரில் கல்வெட்டு உண்டு. அந்த வருஷத்தில்தான் மராட்டியர்கள் எதிர்க்கரையான சால்செட்டைப் போர்ச்சுக்கல்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். பயந்துபோன கம்பெனி மித்தி ஆற்றைப் பார்க்க இந்தக் காவலை வைத்தது. சயான் குன்றின்மேல் இருக்கும் கோட்டை இதற்கும் மூத்தது, 1670-களில் எழுந்தது. ஆகத் தீவின் வடக்கு எல்லை முழுக்கக் காவல்தான். குர்லாவுக்குப் போக சயானில் கரை போட்டது 1800-ஐ ஒட்டித்தான். தாராவி என்றாலே முகம் சுளிக்கிற உன் ஆபீஸ் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தச் சுவரைக் காட்டு.

இன்னொன்று, இதை நீ மனசில் வைக்க வேண்டும். விடியும்போது தாராவி, சயான் சந்துகளிலிருந்து இட்லிக்கார அண்ணாச்சிகள் சைக்கிளில் கிளம்புவார்கள். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஹாண்டிலில் சட்னி வாளி, பக்கத்தில் பந்து அமுக்குகிற ரப்பர் ஹாரன். உன் சைக்கிளைப்போலப் பல மடங்கு கனம், கியர் கிடையாது. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டுமானால் அவர்கள் பின்னால் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார். நிற்கிற டாக்சியைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் விட்டுத்தான் தாண்டுவார்கள். பஸ்ஸின் முன்சக்கரம் எந்தப் பக்கம் ஒடிகிறது என்று பார்த்த பிறகுதான் மிதிப்பார்கள். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒருநாளும் நுழையமாட்டார்கள். விழுந்தால் அன்றைய பிழைப்பு ரோட்டில் கொட்டிப்போகும், அந்தக் கவனம் அது. நீ ஹெல்மெட்டும் பளபளப்புச் சட்டையும் போட்டுக்கொண்டு மணி அடித்து அவர்களை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும் என்று நாளைக்கு நீங்கள் மனு எழுதினால், முதல் பேர் அவர்களுடையதாக இருக்கட்டும். உனக்கு இது ஞாயிற்றுக்கிழமை ஆசை, அவர்களுக்கு ஏழு நாளும் இதுதான்.

இந்தச் சுற்றில் வராத செவ்ரிக்குத் தனியாக இருட்டில் போகாதே. துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், ஆள் நடமாட்டம் குறைவு. குளிர்காலத்தில் செவ்ரிச் சேற்றில் ஃபிளமிங்கோக்கள் இறங்கும். நாலு பேராகச் சேர்ந்து வெளிச்சம் வந்தபின் போங்கள். வாஷி பாலம், கார்கர் பக்கமெல்லாம் இந்த வருஷம் வேண்டாம். செம்பூர்–டிராம்பே ரோட்டில் டேங்கர் லாரி அதிகம். என்னைப் பார்க்க வருவதானால் சைக்கிளில் வராதே, பஸ்ஸில் வா.

உன் டயர் மெலிசு. சாக்கடை மூடிக் கம்பிகள் ரோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும், ஓரத்தை ஒட்டி ஓட்டாதே. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, குழிகள் அடைபடவில்லை. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் ஆழம் தெரியாது, சுற்றிப் போ. மரைன் டிரைவிலும் வொர்லியிலும் ஓட்டிவிட்டு வந்தால் உப்பு செயினில் உட்காரும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து எண்ணெய் விடு. ஒரு வாரம் விட்டால் துரு ஏறிவிடும்.

உடனே கொலாபாவுக்குக் கிளம்பாதே. இரண்டு வாரம் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்று. அகலமான தெரு, மர நிழல், காலையில் வண்டி குறைவு, கியர் பழக அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. அடுத்து மாஹிம்வரை, அதற்கடுத்து வொர்லிவரை. தீபாவளிக்கு மறுநாள் மட்டும் சைக்கிளை எடுக்காதே, மத்தாப்புக் கம்பி ரோடெல்லாம் கிடந்து டயரைக் கிழிக்கும். கையில் ஒரு டியூப்பும் சின்ன பம்பும் எப்போதும் இருக்கட்டும், பஞ்சர் ஒட்ட அப்பாவிடம் கற்றுக்கொள். தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில் வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன் அவன், உனக்குச் சொல்லியிருக்கமாட்டான்.

பெரியம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். கிளம்பும்போது எந்த வழி போகிறாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
பெரியப்பா