பதற்றத்தோடு தியானத்துக்கு வருபவர்களுக்கு

பதற்றத்தை விரட்டவே பலர் தியானத்துக்கு வருகிறீர்கள். விரட்டப் பார்த்தால் அது வளரும். அறியப் பார்த்தால் தணியும். இத்தனை காலம் உட்கார்ந்ததில் நான் உறுதியாகக் கண்டது இதுதான்.

1. பயப்படுவதற்கு வெட்கப்படாதீர்கள். ஞானம் பெறுமுன் காட்டில் தனித்திருந்த இரவுகளில், மயில் சுள்ளியை உதிர்த்தாலும் காற்றில் சருகு சலசலத்தாலும் அச்சம் எழுந்ததை பயபேரவ சூத்திரத்தில் புத்தரே சொல்கிறார்.

2. அச்சம் வந்த நிலையிலேயே இருங்கள். நடக்கையில் வந்தால் அது அடங்கும்வரை புத்தர் நடந்தார். அமர்ந்திருக்கையில் வந்தால் அமர்ந்தே இருந்தார். படபடப்பு எழுந்ததும் கைப்பேசியைத் தேடாமல் சில நிமிடம் பொறுங்கள்.

3. எண்ணத்தோடு வாதாட வேண்டாம்; உடலைப் பாருங்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, வயிறு பிசைகிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா? சதிபட்டான சூத்திரம் உடலிலிருந்துதான் தொடங்குகிறது. உணர்வும் மனமும் பிறகு வருகின்றன.

4. பர்மாவின் மஹாசி சயாடோ கற்பித்தபடி, எழுவதை மனத்துக்குள் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள்: "பதறுகிறது", "நினைக்கிறது". குறித்ததும் விட்டுவிடுங்கள். ஆராய வேண்டாம்.

5. இரண்டாம் அம்பைக் கவனியுங்கள். உடலில் எழும் துன்பம் முதல் அம்பு. அதை எண்ணிப் புலம்புவது இரண்டாவது என்றார் புத்தர். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்விதான் பெரும்பாலும் அந்த இரண்டாவது அம்பு. அதை எய்வது நாமே. ஆகவே நிறுத்தவும் நம்மால் முடியும்.

6. மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டாம். நீண்டால் நீள்கிறது, குறுகினால் குறுகுகிறது என்று அறிந்தால் போதும். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே படபடப்பைக் கூட்டும். அவர்கள் கண்ணைத் திறந்து, மெல்ல நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும்.

7. உங்கள்மேல் அன்பு வையுங்கள். காட்டில் அஞ்சித் திரும்பி வந்த பிக்குகளுக்கு புத்தர் அன்பைப் போதிக்கும் மெத்த சூத்திரத்தைச் சொல்லி, அதே காட்டுக்கு அனுப்பினார் என்கின்றன உரைநூல்கள். "நான் நலமாக இருக்கட்டும்" என்று தொடங்கி எல்லா உயிர்க்கும் விரியுங்கள்.

8. மருத்துவர் தந்த மருந்தைத் தியானத்தை நம்பி நிறுத்தாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன நேரத்தில் பத்து நாள் மௌன முகாமுக்கும் ஓடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் பத்து நிமிடம் உட்காருங்கள். மனம் அமைதியாக இருக்கும் நாளிலும் தவறாமல் உட்காருங்கள். அன்று பழகியதுதான் பதறும் நாளில் கைகொடுக்கும்.