ஆள்வது என்றால் என்ன?

கேள்வி: கூலிக்கு வருபவரும் 'ஆள்', நாட்டை ஆள்வதும் 'ஆள்'. இரண்டும் ஒரே வேரா? ஆள்வது என்றால் அதிகாரம் செய்வதுதானா?

பதில்: ஓசை ஒன்றுதான்; வேர் வேறு என்பதே என் முடிவு. பழந்தமிழின் யானை ஆனையாகவும், யாறு ஆறாகவும், யாண்டு ஆண்டாகவும் மாறின. இவற்றுக்குத் தெலுங்கு இணைகள் ஏனுகு, ஏரு, ஏடு என ஏகாரத்தில் தொடங்குகின்றன. ஆளுதலுக்குத் தெலுங்கில் 'ஏலு'. ஆகவே இந்த வினையும் முன்பு 'யா' என்றே தொடங்கியிருக்க வேண்டும். 'யாள்' என்ற வடிவம் தமிழ் நூல்களில் இல்லையே என்று கேட்கலாம். எழுத்துக்கு வருமுன்பே மாறிய ஒலியை உறவுமொழிதான் காட்ட முடியும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது.

பொருளுக்கு வருவோம். அரசாட்சி மட்டுமே இதன் பொருளாக இருந்தால் கையாளுதல், எடுத்தாளுதல், சொல்லாட்சி ஆகியவை எப்படி வந்தன? கிரயப் பத்திரத்தைப் பாருங்கள்: நிலத்தை வாங்குபவர் அதை 'ஆண்டு அனுபவித்து'க்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறார்கள். அங்கே கட்டளைக்கு இடமில்லை. தன் பொறுப்பில் வைத்துப் பயன்கொள்வதே பொருள். அரசனின் ஆட்சியிலிருந்தே இவை கிளைத்தன என்று வாதிடலாம். ஆனால் கருவி, சொல், நிலம், நாடு ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்துவது 'பொறுப்பேற்றுப் பயன்படச் செய்தல்' என்ற பொருளே; அதையே அடிப்படையாகக் கொள்வது தகும். நம்மை ஆள்பவர்களை இந்தப் பொருளை வைத்தே அளந்து பாருங்கள்.