திசை பார்த்து அடைக்குங் கதவு

வெள்ளவத்தையிலே, காலி வீதியை அடுத்த ஒரு வீட்டின் மேன்மாடியில் இயங்கும் சிறு சங்கமொன்றை யாம் அறிவோம். அதன் அஞ்சற் சேவையகம் மேசையடியில் வைக்கப்பட்ட ஒரு பழைய கணினியே. நாடோறும் வந்து குவிந்த வேண்டாத மின்னஞ்சல்களால் மனஞ்சலித்த பொறுப்பாளர், இலங்கையும் இந்தியாவும் தவிர்ந்த தேசங்களிலிருந்து வருவன யாவற்றையும் ஓசையின்றி அழிக்குமாறு ஏற்பாடு செய்தார். குப்பை குறைந்தது. ஆயின், அச்சங்க வகுப்புகளில் முன்னர்க் கற்பித்தமைக்குச் சான்றுக் கடிதம் வேண்டி, நோர்வேயிலிருந்து தம் தொழிலகத்து முகவரி வழியாக ஒருவர் மும்முறை எழுதிய மடல்களும் அக்குப்பையோடு மறைந்தன. அவர் தொலைபேசியில் வினவியபோதே உண்மை வெளிப்பட்டது. அவர் விண்ணப்பிக்க வேண்டிய நாளோ கடந்துவிட்டது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதை இதுவன்றோ?

இத்தடை நிகழுமாற்றை மாணவர் அறிதல் நன்று. மடலைக் கொணரும் கணினி நமது சேவையகத்தின் வாயிலைத் தட்டும்போது அதன் ஐ.பி. இலக்கம் தெரியவரும். 32 இரும இலக்கங்களாலான பழைய முறையில் ஏறக்குறைய 430 கோடி இலக்கங்கள் உள. உலகின் ஐந்து பதிவகங்கள் இவற்றைப் பகிர்ந்தளிக்கின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்குரிய ஏப்னிக் என்பது அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலுள்ளது. எவ்விலக்கங்கள் எந்நாட்டாருக்கு உரியன என்னும் பட்டியலைக் கொண்டே சேவையகம் தேசத்தை ஊகிக்கின்றது.

இவ்வூகத்தில் மூன்று குறைகள் உள. முதலாவது, இலக்கம் மடலைக் கொணர்ந்த கணினிக்குரியதேயன்றி எழுதியவருக்குரியதன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் ஜிமெயிலில் எழுதினும், அம்மடல் அமெரிக்க நிறுவனமொன்றின் கணினி வழியாகவே வந்து சேரும். இரண்டாவது, தீயோர் பிறர் கணினிகளைக் களவாகக் கைப்பற்றி அவற்றினூடாக அனுப்புவர். ஆதலின் தீமைக்குத் தேசமில்லை. 1978இல் ஆர்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்குச் சென்ற முதல் விளம்பர மடல் அமெரிக்காவிற் பிறந்தது. 2000இல் உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ என்னும் நச்சுமடல் பிலிப்பைன்ஸிற் பிறந்தது. மூன்றாவதே நமக்கு முக்கியமானது. 1983இன் பின்னர் நம்மவர் கனடா, இங்கிலாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எனப் பல திசைகளிலுஞ் சிதறி வாழ்கின்றனர். திசையை அடைப்போமாயின் உறவையும் அடைத்தவராவோம்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் விதிகளின்படி, 4இல் தொடங்கும் விடை ‘பின்னர் வருக’ என்பதையும், 5இல் தொடங்கும் விடை ‘ஏற்கோம்’ என்பதையும் குறிக்கும். வாயிலிலேயே இவ்விடை கூறப்படின், அனுப்பிய சேவையகம் அதனை எழுதியவருக்கு அறிவிக்கும். அவரும் வேறுவழி நாடுவார். மடலை ஏற்றுக்கொண்டு ஓசையின்றி அழிப்பதே பெருந்தவறு. அறியாத கணினியை முதன்முறை ‘பின்னர் வருக’ எனத் திருப்புதலும் ஓர் உபாயம்: ஒழுங்கான சேவையகம் மீண்டும் வரும், குப்பை அனுப்புவோருட் பலர் மீளார். 1998இல் தோன்றிய ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் வெளியிடும் தீய இலக்கப் பட்டியல்களும், ஒரு பெயரால் மடல் அனுப்பும் உரிமை எக்கணினிகளுக்கு உண்டென அப்பெயருக்குரியோரே அறிவிக்கும் எஸ்.பி.எஃப். முறையும் துணைசெய்வன.

தேசத்தையும் நோக்கலாம், ஆயின் ஓர் அடையாளமாக மட்டுமே. ஒரு வினாவுக்குப் பிழையான விடை எழுதிய மாணவனை நாம் பரீட்சை முழுவதிலும் தோற்கடிப்பதில்லை. எல்லா விடைகளையுங் கூட்டியே முடிவு செய்கின்றோம். சேவையகமும் அவ்வாறே பல குறிகளுக்கும் புள்ளியிட்டுத் தீர்ப்பளித்தல் வேண்டும்.

மாணவர்காள்! நாளை இத்தகைய கணினிகளைக் காப்போர் நீவிரே. கதவுக்குப் பூட்டு அவசியந்தான். ஆயினும், தட்டியவருக்கு ஒரு மறுமொழி கூறுதல் அதனினும் அவசியம் என்பதை மறவாதிருப்பீராக.