கிட்டே போகாமல் அளப்பது

கேள்வி: அணு உலையில் எரிந்த எரிபொருளை யாரும் நெருங்க முடியாது என்கிறார்கள். அது வெளிவிடும் கதிர்வீச்சின் ஆற்றலை எப்படி அளக்கிறார்கள்?
– ஒரு வாசகர், லோதி ரோடு, புதுதில்லி

பதில்: நெருங்காமலேதான் அளக்கிறார்கள். கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எரிந்த எரிபொருள் ஊசிகள் தடித்த கான்கிரீட் அறைக்குள் இருக்கும். ஈயக் கண்ணாடி வழியே பார்த்து, இயந்திரக் கைகளால் கையாளுவார்கள். சுவரில் மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அதன் வழியே கசியும் காமா கதிர், திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஜெர்மேனியப் படிகத்தில் விழுந்ததும் மின்துடிப்பு எழும். துடிப்பின் உயரம்தான் கதிரின் ஆற்றலைக் காட்டும்.

காமா கதிர் விடும் ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் தனி அடையாள எண்கள் உண்டு. சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 2010இல் உங்கள் தில்லியில், மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் உயிர் குடித்த கோபால்ட்-60க்கு 1173, 1332 என இரண்டு.

ஊசியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, சீசியத்தின் அளவைப் பார்த்தால் எந்தப் பகுதி எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் கடும் வெப்பத்தில் சீசியம் இடம்பெயரும். அதை மட்டும் நம்பக் கூடாது. எனவே சிறு துண்டை அமிலத்தில் கரைத்து, இடம் மாறாத நியோடிமியத்தையும் அளப்பார்கள். கல்பாக்கம் உலையின் கார்பைடு எரிபொருள் டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை எரிந்திருக்கிறது. நம்மவர்களின் அபாரமான சாதனை இது.