புறநகர்த் தேவாலயக் கட்டடமும் இயற்கைச் சூழலும்

நகரங்கள் விரிவடையுந்தோறும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களில் புதிய தேவாலயங்கள் எழுகின்றன. சபையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளே பெரும்பாலும் இவற்றிற்கு முதலாகும். ஆதலின் கட்டும் செலவேயன்றி, கட்டியபின் ஆண்டுதோறும் நேரும் மின்செலவும் முன்னரே ஆராயத்தக்கது.

வெப்பம்

தேவாலயம் வாரத்தின் பெரும்பகுதி வெறுமையாயிருந்து, வழிபாட்டு வேளையில் நிறைவது. அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 300 பேர் கூடினால் அது 30 கிலோவாட் ஆகும்; 1 கிலோவாட் மின்னடுப்புகள் முப்பதை ஒருங்கே ஏற்றி வைத்ததற்கு ஒப்பாம். இவ்வெப்பம் வெளியேற வழியின்றிச் சுவரெழுப்பிவிட்டு, பின்னர் இயந்திரங்களை நாடுதல் வீண் செலவாகும்.

திசை

மரபுப்படி திருப்பீடம் கிழக்கில் அமையுமாயின், மண்டபத்தின் நீளம் கிழக்கு மேற்காகச் செல்லும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும். காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய சுவர்களின்மீதே பெரிதும் விழும். தென்புறத்து நண்பகல் வெயிலைக் கூரையின் நீட்சியே தடுத்துவிடும். மரபும் அறிவியலும் இங்கு ஒன்றுபடுகின்றன.

சுவர்

திருவனந்தபுரத்தின் புறநகராகிய ஸ்ரீகாரியத்தில், லயோலா கல்வி நிலையத்திற்கென லாரி பேக்கர் (1917-2007) 1970-71ஆம் ஆண்டுகளில் அமைத்த சிற்றாலயம் சிறந்த சான்றாகும். அதன் உயர்ந்த செங்கற் சுவர் இரட்டைச் சுவராகும். இரண்டிற்கும் இடையே வெளி விட்டு, குறுக்குச் செங்கற்களால் அவற்றைப் பிணைத்தமையால், இரும்பும் கான்கிரீட்டும் இன்றியே சுவர் உறுதி பெற்றது. இரு சுவர்களிலும் ஜாலித் துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று இயங்குகிறது. கூசாத ஒளியும் உட்புகுகிறது.

சிறிய கட்டடங்களுக்கு எலிப்பொறிக் கட்டு ஏற்றது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் நடுவே வெற்றிடம் அமைகிறது. செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். வெற்றிடத்திலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

எனினும் ஜாலிச் சுவர் எங்கும் பொருந்தாது. சாலையை ஒட்டிய பக்கத்தில் அது இரைச்சலையும் புழுதியையும் உள்ளே விடும். அங்குத் துளையற்ற சுவரே வேண்டும். சாரல் மிகுந்த இடங்களில் கூரையோரம் நன்கு நீண்டிருத்தல் இன்றியமையாதது.

மழைநீர்

200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் விழுகிறது. இதில் ஒரு பகுதி சிதறி வீணாயினும், எஞ்சியதைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தல் எளிது.

பயிற்சி

ஆசிரியர்கள் மாணவரைத் தம் ஊரிலுள்ள பொதுக் கட்டடம் ஒன்றிற்கு அழைத்துச் சென்று, அதன் திசை, சாளரங்கள், கூரைப் பரப்பு ஆகியவற்றை அளந்து குறிக்கச் செய்க. அதில் கூடுவோர் எண்ணிக்கையைக் கொண்டு வெப்ப அளவைக் கணக்கிடச் செய்க. களப் பணியாளர், அடித்தளம் இடுவதற்கு முன்பே இக்கணக்கைச் சபையார்முன் வைத்தல் நலம். சுவர் எழுந்தபின் திசையை மாற்ற இயலாதன்றோ!