மழைக்கு முன்னாடி கண்ணாடி பீடிங்கைக் கவனிங்க!

கிளியனூர்ப் பக்கம் பழைய அம்பாசிடரோ ஆம்னியோ வெச்சிருக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு அக்கா சொல்றேன். இந்த வண்டிகள்ல முன்கண்ணாடியைப் பிடிச்சிருக்கிறது ரப்பர் பீடிங்தான். அதோட பள்ளத்துல உட்கார்ற பட்டை கிளம்பிட்டா பீடிங் தளர்ந்து தண்ணி இறங்கும். மரக்காணம் உப்பளக் காத்து படுற ஊர்ல, அந்தத் தண்ணியோட உப்பும் சேர்ந்து இறங்கி அடித்தகட்டை அரிச்சிடும். அதனால மேலாக கம் பூசி மூடாதீங்க. துரு உள்ளேயே வளரும்.

1. ஒழுகுற இடம்: ஒருத்தர் உள்ளே டார்ச்சோட உட்காருங்க. இன்னொருத்தர் வெளியே கீழ்விளிம்புல ஆரம்பிச்சு, ஓஸ்ல மெதுவா மேலே போங்க. மேலேர்ந்து ஊத்தினா எல்லா இடத்துலயும் வழிஞ்சு, ஓட்டை எதுன்னு தெரியாது. வைப்பருக்குக் கீழே வடிகால்ல வேப்பஞ்சருகு அடைச்சிருந்தாலும் மேட் நனையும், அதையும் பாருங்க.

2. துரு: ரப்பர் விளிம்பை மரக்குச்சியால லேசாத் தூக்குங்க. பெயிண்ட் கொப்பளிச்சிருந்தா கண்ணாடியைக் கழட்டணும். அதைக் கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட விடுங்க. உப்புத்தாள் போட்டு, தகடு பளிச்சுனு தெரிஞ்ச பிறகு நல்ல தண்ணியால துடைச்சுக் காயவிட்டு, எபாக்ஸி பிரைமரும் பெயிண்டும் அடிக்கச் சொல்லுங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் கண்ணாடி ஏறணும்.

3. பட்டை: வண்டியை வெயில்ல நிறுத்தினா ரப்பர் இளகும். பள்ளத்துல சோப்புத் தண்ணி தடவுங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிடும். ஸ்க்ரூடிரைவர் ரப்பரைக் கிழிக்கும். முனை மழுங்கின மரத்துண்டால கொஞ்சங் கொஞ்சமா அழுத்துங்க. ரப்பர் பட்டைன்னா இழுத்துப் பொருத்தாதீங்க. அது பிறகு சுருங்கி, மூலையில இடைவெளி விடும். முனைகள் ஒண்ணையொண்ணு நெருக்குற மாதிரி துளி கூடுதலா விட்டு வெட்டுங்க.

4. சீலன்ட்: ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவுல, ரெண்டு இடத்துலயும் போகணும். வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம். அதுலேர்ந்து வர்ற அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். இறுகிப்போகாத விண்ட்ஷீல்டு சீலன்ட் கேட்டு வாங்குங்க.

5. புது பீடிங்: ரப்பர் வெடிச்சு, கட்டை மாதிரி ஆயிட்டா மாத்திடுங்க. அம்பாசிடர் உற்பத்தி 2014லயும் ஆம்னி உற்பத்தி 2019லயும் நின்னுடுச்சு. அதனால பழைய பீடிங்ல ஒரு துண்டு கொண்டுபோய், வெட்டுமுகத்தை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்க.

6. பராமரிப்பு: ஈசிஆர்ல போய் வந்தா பீடிங் ஓரத்தை நல்ல தண்ணியால கழுவுங்க. உப்புக் கரிக்கிற போர் தண்ணி வேண்டாம். மேட் நனைஞ்சிருந்தா தூக்கிக் காயவைங்க. இல்லேன்னா தரைத்தகடும் போயிடும்.

பசையால ஒட்டின கண்ணாடி இருக்கிற புது வண்டியில இதையெல்லாம் செய்யாதீங்க; அதுக்கு முறையே வேற. பழைய வண்டிக்காரங்க புரட்டாசிக்குள்ள வேலையை முடிச்சு, மறுபடி ஓஸ் பிடிச்சுப் பார்த்துடுங்க. ஐப்பசி மழையில தகடு ஓட்டையாயிட்டா, பீடிங்கோட முடியுற செலவு டிங்கரிங், பெயிண்டிங்னு இழுத்துட்டுப் போயிடும்.